மண்டகப்பட்டுச் சூழலில் ஆர்க்கிட் செடிகளின் ஓய்வுக்காலமும் நீரிடலும்

ஆர்க்கிட் வளர்ப்பு நூல்கள் பலவும் குளிர்காலத்தில் செடிக்கு நீரைக் குறைத்து ஓய்வளிக்குமாறு அறிவுறுத்துகின்றன. மகேந்திரவர்மப் பல்லவனின் குடைவரையால் அறியப்படும் மண்டகப்பட்டில், செஞ்சி வட்டாரத்துப் பிற ஊர்களிற் போலவே, இவ்வறிவுரையை மாதக்கணக்கில் அப்படியே பின்பற்ற இயலாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. நீரைக் குறைக்குமாறு நூல் கூறும் வேளையிலேயே இங்கு வானம் பொழிகிறது.

குளிர்கால ஓய்வு என்னும் கருத்துக்குச் சிறந்த சான்று, இமயமலைச் சாரலிலும் வடகிழக்கு இந்தியாவிலும் வளரும் டென்ட்ரோபியம் நோபைல் ஆகும். தென்மேற்குப் பருவமழையில் இதன் தண்டு தடித்து நீரைச் சேமிக்கிறது. பின்வரும் குளிர்காலம் அங்கு வறண்டது. செடி இலைகளை உதிர்த்துக் கணுக்களில் மொட்டுகளை உருவாக்குகிறது. அப்போது மிகுதியாக நீரிட்டால் பூவுக்கு மாறாக இளஞ்செடிகளே கணுக்களிற் கிளைக்கும். ஆயினும் நீர்க்குறைப்பு மட்டும் போதாது. 10 முதல் 15 பாகை செல்சியசு அளவிலான குளிர்ந்த இரவுகள் சில வாரங்களேனும் தேவை. செஞ்சிச் சமவெளியில் மார்கழி இரவுகூடப் பெரும்பாலும் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. இங்கு இவ்வினத்தை வாடவிடுவதால் பூ கிடைக்கும் என எதிர்பார்ப்பது வீண். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காடு போன்ற மலையூரே இதற்கு ஏற்றது. தேசிய ஆர்க்கிட் காப்பகம் 1963இல் நிறுவப்பட்டதும் அவ்வூரில்தான்.

சமவெளிக்கு உரிய வாண்டா டெசலேட்டாவின் இயல்பு வேறு. மரக்கிளைகளைப் பற்றி வளரும் இத்தொற்றுத்தாவரத்திற்கு நீரைச் சேமிக்கும் பொய்க்குமிழ் இல்லை. தடித்த இலைகளும் வேர்களுமே அதன் சேமிப்பு. வேரைச் சூழ்ந்துள்ள வெலாமன் என்னும் பஞ்சுபோன்ற திசு முதிர்ந்த இறந்த செல்களால் ஆனது. உலர்ந்த நிலையில் அச்செல்களில் காற்று நிறைவதால் வேர் வெள்ளிபோல் வெளுத்துத் தோன்றும். நனைந்ததும் திசு ஒளியை ஊடுருவவிட, உள்ளிருக்கும் பச்சை நிறம் தெரியும். நீரிட வேண்டிய வேளையை நாட்காட்டியைவிட இந்நிறமாற்றமே நம்பகமாகக் காட்டுகிறது. இடையறாது ஈரமாக இருக்கும் வேரின் உட்பகுதி காற்றின்றி அழுகும்.

எனவே மண்டகப்பட்டில் ஐப்பசி, கார்த்திகையில் முதன்மையான பணி நீரிடலன்று, வடிகாலே. ஓட்டுத்துண்டும் மரக்கரியும் இட்ட தொட்டி விரைவில் உலரும். தேங்காய் மட்டை ஈரத்தை நெடுநேரம் தாங்குவதால் அடைமழையில் தீங்காகும். தொடர்மழை நாட்களில் தொட்டிகளைக் காற்றோட்டமுள்ள கூரையின்கீழ் மாற்றுதல் நலம். தை பிறந்து மழை ஓய்ந்தபின்னரே நீரிடும் இடைவெளியை நீட்டலாம்: வேர் முழுதும் வெளுத்தபின் மேலும் ஒரு நாள் பொறுத்துக் காலையில் நனைத்தால் போதும். தண்டும் இலையும் சுருங்கினால் இடைவெளி மிகுந்துவிட்டது எனக் கொள்க. பொய்க்குமிழற்ற ஃபலனாப்சிஸ் வகைகளுக்கு இந்த நீட்டிப்பும் வேண்டியதில்லை.

பங்குனியில் பாறைகள் பகல் முழுதும் வெப்பத்தை உமிழத் தொடங்கும்போது ஓய்வு முடிகிறது. காட்டு வாண்டா வறட்சியைத் தாங்கியே கோடையில் பூக்கிறது எனினும், கூடையில் தொங்கும் செடிக்கு மரத்தின் நிழலும் ஈரப்பட்டையும் வாய்ப்பதில்லை; சித்திரையில் அதற்கு நாள்தோறும் நீர் தேவைப்படும்.