40 எப்படி 24 ஆனது?

எங்கள் தெருமுனை டீக்கடையில் பாய்லருக்கும் வடைச்சட்டிக்கும் நடுவே ஒரு மரக்கம்பம். அதில் தேங்காய்நார்க் கயிறு ஒன்று தொங்கும். விடிகாலையில் மாஸ்டர் அதன் நுனியில் நெருப்பு வைத்தால், இரவு கடை சாத்தும்வரை கனன்றுகொண்டே இருக்கும். வருகிறவர் ஒரு கையில் டீ கிளாஸோடு குனிந்து, உதட்டிலிருக்கும் சிகரெட்டை அதில் பற்றவைத்துக்கொள்வார். தீப்பெட்டிச் செலவு மிச்சம். மாஸ்டருக்குத் தம் அடிக்கும் பழக்கம் இல்லை. ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் அந்தப் புகைக்குள்தான் நிற்கிறார்.

பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை தேவையா என்று உலகம் இருபது, முப்பது வருஷமாக வாதாடுகிறது. அந்த வாதத்தில் மாஸ்டரைப் போன்றவர்கள்தான் நடுவில் இருந்திருக்க வேண்டும். ஆனால் பத்திரிகைத் தலைப்புகளைப் பிடித்துக்கொண்டது வேறொரு எண். அது பிறந்த இடம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத் தலைநகரான ஹெலெனா.

தலைநகர் என்றாலும் மலைகளுக்கு நடுவே அப்போது முப்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. மாரடைப்பு வந்தால் சேர்ப்பதற்கு ஒரே மருத்துவமனைதான். 2002 ஜூனில் அங்கே மதுக்கடை, உணவகம் உட்பட, பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களிலும் வேலையிடங்களிலும் புகைபிடிக்கத் தடை வந்தது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். டிசம்பரில் தடை நிறுத்திவைக்கப்பட்டது. ஆக, ஆறே மாதம். தடை இல்லாத காலம், தடை இருந்த காலம், மறுபடி இல்லாத காலம் என்று யாரும் திட்டமிடாமலேயே ஒரு சோதனை நடந்து முடிந்துவிட்டது.

ரிச்சர்ட் சார்ஜென்ட், ராபர்ட் ஷெப்பர்ட் என்ற உள்ளூர் மருத்துவர்கள் இருவர், கலிஃபோர்னியாவின் புகையிலை ஆராய்ச்சியாளர் ஸ்டான்டன் கிளான்ட்ஸுடன் சேர்ந்து மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். மற்ற ஆண்டுகளில் அதே ஆறு மாதங்களில் மாரடைப்போடு வந்த உள்ளூர்க்காரர்கள் சராசரியாக 40 பேர். தடை இருந்த ஆறு மாதத்தில் 24 பேர். தடை எட்டாத சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. 2003இல் ஒரு மருத்துவ மாநாட்டில் இதை முதலில் அறிவித்தபோது, குறைவு ஏறக்குறைய 60 சதவீதம் என்று செய்தி பறந்தது. 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரையாக வந்தபோது அது 40 சதவீதமாகியிருந்தது. ஆனாலும் பிரமிப்பு அடங்கவில்லை. அரை வருஷத்தில், ஒரு மாத்திரைகூட இல்லாமல், மாரடைப்பில் ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டதே!

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன வருஷம் பாம்புக்கடியோடு பத்துப் பேர் வந்தார்கள், இந்த வருஷம் ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். பாம்புகள் திருந்திவிட்டன என்று யாரும் சொல்லமாட்டோம். எண்ணிக்கை சிறிதாக இருந்தால் எந்தக் காரணமும் இல்லாமலே ஏறும், இறங்கும். ஹெலெனா ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. அவர்களுடைய கட்டுரையிலேயே, 16 பேர் குறைந்ததன் உண்மை அளவு 0.3 பேரிலிருந்து 31.7 பேர்வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. அதாவது ஒருவர்கூடக் குறையாமலும் இருந்திருக்கலாம், முக்கால்வாசி குறைந்தும் இருந்திருக்கலாம். தலைப்புச் செய்தியில் இந்த வரிக்கு இடம் கிடைக்கவில்லை.

சாதாரணக் கூட்டல் கழித்தலே இடிக்கிற இன்னொரு இடம் உண்டு. பிறர் விடும் புகையை நாள்தோறும் சுவாசிக்கும் புகைக்காதவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு, சுவாசிக்காதவரைவிட ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம் அதிகம் என்பது பல ஆய்வுகள் சேர்ந்து சொல்வது. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் அந்தப் புகையில் இருந்தார்கள், தடை வந்ததும் முழுசாக விடுபட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 130 ஆக இருந்தது 100 ஆகும். குறைவு 23 சதவீதம். புகைப்பவர்கள் சிலர் தடையால் பழக்கத்தைக் குறைத்திருப்பார்கள் என்று கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். அப்படியும் 40ஐ எட்டுவது பெரும்பாடு.

பெரிய ஊர்கள், பெரிய நாடுகள் என்று ஆய்வு விரிய விரிய எண் சுருங்கியது. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் தடை வந்தது. ஒன்பது மருத்துவமனைகளில் தடைக்கு முந்தைய பத்து மாதங்களில் 3,235 பேர் கடுமையான இதய அடைப்போடு வந்திருந்தார்கள். தடைக்குப் பின் அதே பத்து மாதங்களில் 2,684 பேர். 17 சதவீதக் குறைவு. அதே காலத்தில் தடை வராத இங்கிலாந்தில் 4 சதவீதம்தான் குறைந்திருந்தது. பிறகு 2007 ஜூலையில் இங்கிலாந்துக்கும் தடை வந்தது. நாடு முழுவதற்குமான பதிவுகளை எடுத்து, ஏற்கெனவே இருந்த இறங்குமுகத்தையும் கழித்துப் பார்த்தபோது கிடைத்த விடை 2.4 சதவீதம். முதல் ஆண்டில் ஏறத்தாழ 1,200 மாரடைப்பு அனுமதிகள் குறைவு. அமெரிக்கா முழுவதன் மருத்துவமனைத் தரவுகளை அலசிய ஒரு குழு, தடை வந்த இடங்களில் உடனடியான குறைவு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை என்றது. தனித்தனியாக எடுத்தால் தடைக்குப் பின் மாரடைப்பு கிடுகிடுவென்று குறைந்த ஊர்களும் உண்டு, ஏறக்குறைய அதே அளவுக்கு ஏறிய ஊர்களும் உண்டு என்று காட்டியது. குறைந்த ஊர்க்காரர்கள் கட்டுரை எழுதினார்கள். ஏறிய ஊர்க்காரர்கள் எதற்கு எழுதப்போகிறார்கள்?

60, 40, 17, 2.4. தடையை எதிர்த்தவர்களுக்கு இந்த இறங்குவரிசை அல்வாவாக இனித்தது. பிறர் புகையால் தீங்கு என்பதே கட்டுக்கதை என்று சிலர் ஒரே தாவாகத் தாவினார்கள். எனக்கு இரு தரப்பின் மேலும் வருத்தம் உண்டு. 1,200 பேர் என்பது சின்ன விஷயமா? ஆனால் 40 சதவீதத்தைக் காட்டிக் கூட்டம் சேர்த்துவிட்டு, பிறகு 2.4 என்றால் யாருக்கும் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

புகை இதயத்தை என்ன செய்கிறது என்பதில் இவ்வளவு குழப்பம் இல்லை. 2001இல் ஜப்பானின் ஒசாகாவில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். புகைக்கும் பழக்கமே இல்லாத 15 இளைஞர்களை அரை மணி நேரம் புகை நிறைந்த அறையில் உட்காரவைத்து, தேவைப்படும்போது இதயத் தமனிகள் எவ்வளவு ரத்தத்தைக் கூடுதலாக அனுப்ப முடிகிறது என்று முன்னும் பின்னும் அளந்தார்கள். அறைக்குள் போகும்போது அவர்களுடைய தமனிகள் புகைப்பவர்களுடையதைவிட நன்றாக வேலை செய்தன. வெளியே வரும்போது அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்திருந்தது. அரை மணி நேரம்தான்! ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் சுபாவமும் சிறிதளவு புகையிலேயே மாறிவிடுகிறது. நுரையீரல் புற்றுநோய் பல வருஷப் புகை சேர்ந்து வருவது. இதயம் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. 2009இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகக் குழு ஒன்று எல்லா ஆய்வுகளையும் பரிசீலித்துவிட்டு, தடைகள் மாரடைப்பைக் குறைக்கின்றன, எவ்வளவு என்று மட்டும் ஓர் எண்ணில் சொல்ல முடியாது என்றது. எனக்கு இந்த நேர்மை பிடித்திருக்கிறது.

சரி, பக்கத்தில் நிற்பவருக்கு எவ்வளவு புகை போகிறது? சிகரெட்டைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. சர்வதேசத் தரப்படி அது நிமிஷத்துக்கு ஒருமுறை, இரண்டு விநாடி, 35 மில்லிலிட்டர் இழுக்கும். மனிதர்கள் இதைவிட வேகமாக இழுப்பவர்கள்தான். ஆனாலும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துப் பாருங்கள்: அறுபது விநாடியில் இரண்டு விநாடிதான் சிகரெட் வாயில் வேலை செய்கிறது. மீதி 58 விநாடி விரலிடுக்கில் சும்மா எரிகிறது. இழுக்கும்போது நெருப்பு 900 டிகிரி செல்சியஸைத் தொடும். சும்மா எரியும்போது 600 சொச்சம். சூடு குறைந்தால் எரிவது அரைகுறையாகும். நம் வீட்டு அடுப்பில் ஈர விறகை வைத்தால் கண் எரிவதும் இதனால்தான். கார்பன் மோனாக்சைடும் அம்மோனியாவும் நைட்ரோசமின்களும் அந்த அரைகுறைப் புகையில்தான் அதிகம். அதற்கு ஃபில்டரும் கிடையாது. அறைக்குள் மிதக்கும் புகையில் பெரும்பங்கு, ஏறக்குறைய 85 சதவீதம், யாருடைய நெஞ்சுக்குள்ளும் போய்வராமல் நுனியிலிருந்து நேரே வந்ததுதான்.

மின்விசிறி போடலாமே, தனிப் பகுதி ஒதுக்கலாமே என்பது புகையிலை நிறுவனங்கள் விடாமல் முன்வைத்த யோசனை. புகைத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. கீழே படியாமல் மணிக்கணக்கில் மிதப்பவை. விசிறி அவற்றைக் கலக்கிவிடும், அவ்வளவுதான். காற்றோட்ட வசதிகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்கப் பொறியாளர் சங்கமே 2005இல், உள்ளே புகைக்க விட்டுவிட்டுக் காற்றோட்டத்தால் ஆபத்தை நீக்க முடியாது என்று கைவிரித்துவிட்டது. 2006இல் வாஷிங்டன் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், பிறர் புகையின் தீங்கு பற்றித் தெரிந்தே நிறுவனங்கள் பொதுமக்களை ஏமாற்றின என்று நீண்ட தீர்ப்பு எழுதினார். அந்த யோசனைகளின் யோக்கியதைக்கு அதுவே போதும்.

என்னைக் கேட்டால், தடைக்கு ஆதரவான மிக உறுதியான சான்று மாரடைப்புப் பதிவேட்டில் இல்லை, எச்சிலில் இருக்கிறது. நிக்கோட்டின் உடலுக்குள் போனதும் கோட்டினின் என்ற பொருளாக மாறும். எச்சிலில் ஒரு துளி எடுத்தால் போதும், கடந்த ஓரிரு நாளில் ஒருவர் எவ்வளவு புகையில் இருந்தார் என்று அளந்துவிடலாம். அயர்லாந்து 2004 மார்ச் 29 அன்று பப் உட்பட எல்லா வேலையிடங்களிலும் தடை கொண்டுவந்தது. பப்புக்குள் புகை இல்லாவிட்டால் அயர்லாந்தே அயர்லாந்து இல்லை என்று புலம்பியவர்கள் ஏராளம். தடைக்கு முன்பும் ஓராண்டு கழித்தும் அங்கே புகைக்காத மதுக்கடை ஊழியர்களின் எச்சிலைச் சோதித்தார்கள். கோட்டினின் 80 சதவீதம் விழுந்திருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், அப்போது தடை வராத வட அயர்லாந்தில், 20 சதவீதம். அயர்லாந்து ஊழியர்களுக்கு இருமலும் தொண்டை எரிச்சலும் குறைந்திருந்தன. இதில் யூகமில்லை.

வெளியே தடுத்தால் வீட்டுக்குள் ஊதுவார்கள், குழந்தைகள்தான் படுவார்கள் என்ற வாதம் நியாயமான பயம். ஸ்காட்லாந்தில் அதையும் சோதித்தார்கள். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் எச்சிலில் கோட்டினின் 39 சதவீதம் குறைந்திருந்தது. ஆஸ்துமாவோடு மருத்துவமனையில் சேரும் குழந்தைகள் ஆண்டுக்கு 5.2 சதவீதம் கூடிக்கொண்டிருந்தது போய், 18.2 சதவீதம் என்ற கணக்கில் குறையத் தொடங்கினார்கள்.

தனிமனிதச் சுதந்திரம் என்ன ஆவது? என் காசு, என் நெஞ்சு என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. வாடிக்கையாளருக்கு வேறு கடை பார்த்துப் போக வழி இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் நிற்பவருக்கு இல்லை. ஆனால் கடற்கரையிலும் மைதானத்திலும் புகைத்தால்கூடக் குற்றம் என்று சில நாட்டு நகரங்கள் கிளம்பியிருப்பதற்கு, மூடிய அறைக்கு இருப்பதுபோன்ற சான்று கிடையாது. திறந்த வெளியில் சிகரெட் அணைந்த சில நிமிஷத்தில் புகை கலைந்துபோகிறது. அங்கே நடப்பது ஒழுக்க விவாதம். அதற்கு அறிவியலின் சட்டையை மாட்டிவிடக் கூடாது.

நம் நாட்டில் இதைத் தொடங்கிவைத்தது கேரள உயர் நீதிமன்றம், 1999இல். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், நாடு முழுக்கப் பொது இடங்களில் புகைக்கக் கூடாது என்றது. 2003இல் சட்டம் வந்தது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 காந்தி ஜயந்தி அன்று விதிகள் இறுக்கப்பட்டன. அபராதம் 200 ரூபாய் வரை. 60க்கு 30 சென்டிமீட்டர் பலகை மாட்ட வேண்டும். ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் வைக்கக் கூடாது. 30 அறைக்குக் குறையாத ஓட்டலும் 30 இருக்கைக்குக் குறையாத உணவகமும் விமான நிலையமும் மட்டும் தனிப் பகுதி ஒதுக்கிக்கொள்ளலாம். அந்த முப்பது எந்த ஆய்வுக்கூடத்தில் கிடைத்ததோ! சட்டம் திறந்தவெளியைப் பொது இடக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டுக்குள்ளும் அது வராது. 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்னார்கள். ஏழு வருஷம் முன்னால் அது 52.3.

எங்கள் டீக்கடை எதில் சேர்த்தி? மேலே தார்ப்பாய், மூன்று பக்கம் தட்டி, முன்பக்கம் திறப்பு. கடைக்காரர் திறந்தவெளி என்கிறார். போன வருஷம் சோதனைக்கு வந்தவர்கள் உள்ளறை என்றார்கள். 200 ரூபாய் ரசீதும் கிழித்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் கயிறு கம்பத்தில் இல்லை. நாலடி தள்ளி, ரோட்டோர மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். இழுத்துப் பற்றவைத்துக்கொண்டு எல்லோரும் பழையபடி தார்ப்பாய்க்கு அடியில் வந்து நின்றார்கள். வெளியே மழைத் தூறல். மாஸ்டர் ஒரு கையால் புகையை விலக்கிக்கொண்டே அடுத்த டீயை ஆற்றினார்.