எட்டோடு நிற்கும் வெளிக்கூடு

எவர்சில்வர் கைப்பிடிகளைப் பற்றவைக்கும் பட்டறைகளில் ‘ஆர்கான் வெல்டிங்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். உருகும் உலோகத்தைக் காற்று தீண்டாமல் காப்பது ஆர்கான் வாயு. அந்தக் கொதிப்பிலும் அது எதனோடும் சேர்வதில்லை. அதன் அணு எண் 18. அடுத்த தனிமமான பொட்டாசியத்தின் அணு எண் 19. அதில் ஒரு துண்டை நீரில் போட்டால் இளம் ஊதாத் தீயோடு சீறி எரியும். ஒரு புரோட்டானும் ஓர் எலக்ட்ரானும் கூடியதற்கா இத்தனை மாற்றம்?

எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சுற்றிக் கூடு கூடாக அமைகின்றன. முதல் கூட்டில் 2, அடுத்தடுத்த கூடுகளில் 8, 18, 32 வரை இடம் உண்டு. வேதிவினையில் முதலில் ஈடுபடுவது வெளிக்கூடுதான். சோடியத்தின் அமைப்பு 2, 8, 1. வெளியே உள்ள அந்த ஒன்றைப் பிரிக்க ஒரு மோலுக்கு 496 கிலோஜூல் போதும். உள்ளே நிறைந்திருக்கும் கூட்டிலிருந்து இன்னொன்றைப் பிடுங்க 4,562 கிலோஜூல் வேண்டும். சோடியம் தன் சேர்மங்களில் ஓர் எலக்ட்ரானோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

ஆர்கானின் அமைப்பு 2, 8, 8. மூன்றாம் கூட்டில் இன்னும் 10 இடம் காலி. ஆனாலும் அது நிறைந்த அணுவைப் போலவே நடந்துகொள்கிறது. பொட்டாசியத்தின் 19ஆவது எலக்ட்ரானும் அந்தக் காலி இடத்துக்குப் போகாமல் நான்காம் கூட்டைத் தொடங்குகிறது. ஏன் இப்படி? பள்ளியில் பலரும் கேட்கத் தயங்கி விட்டுவிட்ட கேள்வி இது.

விடை துணைக்கூடுகளில் இருக்கிறது. கூடுகள் எஸ், பி, டி, எஃப் என்ற துணைக்கூடுகளால் ஆனவை: முதல் கூட்டில் எஸ் மட்டும், அடுத்தடுத்த கூடுகளில் மற்றவை ஒவ்வொன்றாகக் கூடும். அவற்றின் கொள்ளளவு முறையே 2, 6, 10, 14. எஸ் எலக்ட்ரான் உள் எலக்ட்ரான்களின் மறைப்பை ஊடுருவிக் கருவுக்கு மிக அருகே வரை வரும். கருவின் இழுப்பு அதன்மேல் வலுவாக விழும். டி எலக்ட்ரானால் அவ்வளவு நெருங்க முடியாது. அதனால் பொட்டாசியத்தில் நான்காம் கூட்டின் எஸ், மூன்றாம் கூட்டின் டியைவிடக் குறைந்த ஆற்றல் கொண்டது. புது எலக்ட்ரான் ஆற்றல் குறைந்த இடத்தையே பிடிக்கும்.

ஒரு கூட்டின் டி நிரம்பத் தொடங்கும்போது அடுத்த கூடு ஏற்கெனவே தொடங்கியிருக்கும். ஆகவே வெளிக்கூடு என்ற நிலையில் இருக்கும்வரை அதில் எஸ்ஸின் 2, பியின் 6 ஆக எட்டுக்கு மேல் சேர்வதில்லை. தனித்த பல்லேடியம் அணு மட்டுமே இதற்கு விலக்கு.

டி நிரம்பும் பகுதியில் ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை உள்ள தனிமங்கள் வருகின்றன. இரும்பு 2, 8, 14, 2. வெளியே உள்ள இரண்டை மட்டும் இழந்தும் அது சேர்மமாகும். உள்ளே டியிலிருந்து ஒன்றைச் சேர்த்து மூன்றை இழந்தும் சேர்மமாகும். துருவில் இருப்பது மூன்றை இழந்த இரும்பு.

எஃப் துணைக்கூடு இன்னும் ஆழத்தில் நிரம்புகிறது. அதனால் அப்பகுதியில் வரும் அருமண் தனிமங்களின் வெளிக்கூட்டு அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட் கனிமத்தில் அவை பலவும் கலந்தே கிடைக்கின்றன, பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இந்த நிரப்பு வரிசையின் வலிமையை இயற்பியலாளர் நீல்ஸ் போர் காட்டினார். 1923க்கு முன் 72ஆவது தனிமம் சரிவர அறியப்படவில்லை. அதை அருமண் வகை என்று கருதியவர்கள் உண்டு. எஃப்பின் 14 இடங்களும் 71ஆவது தனிமத்தோடு தீர்ந்துவிடுவதால், 72 சிர்கோனியத்தின் உறவாகவே இருக்க வேண்டும் என்றார் போர். ஆய்வாளர்கள் கோஸ்டரும் ஹெவெசியும் கோபன்ஹேகனில் சிர்கோனியக் கனிமங்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, 1923 தொடக்கத்தில் அந்த 72ஆவது தனிமமான ஹாஃப்னியத்தை அறிவித்தார்கள்.

தனிம அட்டவணையின் வரிசைகளை எண்ணிப் பாருங்கள்: 2, 8, 8, 18, 18, 32, 32. எட்டு இரண்டு முறை வருவதும், பதினெட்டு தாமதமாக வருவதும் எலக்ட்ரான்கள் இடம்பிடிக்கும் இந்த ஒழுங்கால்தான். மனப்பாடம் செய்யவேண்டிய பட்டியல் என்று நாம் அஞ்சிய அட்டவணையைக் காரணத்தோடு படிக்க முடியும்.