கடலில் இறங்கும் பெண்ணுக்கு என்ன உடை?

என் மகள் பிளஸ் 1 படிக்கும்போது, 2023-ல், சென்னையில் நடந்த ஒரு கடல் நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். இரண்டு கி.மீ. தூரம். ஏழு வயதிலிருந்து நீச்சல் குளத்தில் பழகியவள் என்பதால், அலையைப் பற்றி வீட்டில் யாரும் பயப்படவில்லை. பிரச்னை உடையில்தான் வந்தது.

"குளத்துல நாலு சுவத்துக்குள்ள நீந்தறா, சரி. பீச்சுல ஊரே நிக்குமே... வயசுப் பொண்ணு தொடை தெரிய நடந்து வரணுமா?" என்றார் என் மாமியார். என் கணவரோ பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக் கொண்டார். நானே கடைக்குப் போய், இடுப்பில் குட்டிப் பாவாடை வைத்துத் தைத்த நீச்சல் உடை ஒன்றை, கொஞ்சம் தளர்வாகவே வாங்கி வந்தேன்.

"அம்மா, இது தண்ணியில இழுக்கும்மா" என்றாள்.

"ஒருநாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று அவள் வாயை அடைத்து விட்டேன்.

போட்டி முடிந்து கரையேறியவளைப் பார்த்ததும் எனக்கு வயிறு பகீரென்றது. கழுத்தோரமும் அக்குளும் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. தளர்ந்த துணி, கையை வீசும்போதெல்லாம் அதே இடத்தில் உரசியிருக்கிறது. போதாததற்கு உப்புத் தண்ணீர். பாவாடைக்குள் தண்ணீர் புகுந்து பின்னால் இழுத்ததாம். அன்றிரவு குளிக்கும்போது எரிச்சல் தாங்காமல் அவள் அழுதது, வெளியே நின்ற எங்கள் இருவருக்கும் கேட்டது. மாமியாரும் நானும் ஒரு வார்த்தை பேசிக் கொள்ளவில்லை.

மறுவாரம் அவளுடைய பயிற்சியாளரிடம் கேட்டேன். குளத்தில் நடக்கும் சர்வதேசப் போட்டிகளில் பெண்களின் உடை முழங்காலுக்குக் கீழே வரக் கூடாதாம். ஆனால், கடல், ஏரிப் போட்டிகளில் கணுக்கால் வரைகூட வரலாமாம்! கழுத்தை மூடக் கூடாது, தோளைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். இதை முதலிலேயே கேட்டிருந்தால் அந்தப் பாவாடையே வந்திருக்காது. (உள்ளூர்ப் போட்டிகளில் விதி மாறலாம். பெயர் கொடுக்கும்போதே கேட்டுக் கொள்ளுங்கள்.)

கால் முழுக்க மூடிய உடை வாங்கினோம். 'சொறி' என்று மீனவர்கள் சொல்லும் ஜெல்லி மீன் காலில் பட்டாலும் கொஞ்சம் பாதுகாப்பு. துணி நனைந்தால் தளர்ந்து விடும். அதனால் கரையில் போடும்போது இறுக்கமாகவே இருக்க வேண்டும். ஆனால், கையைச் சுழற்றினால் தோளில் பிடிக்கக் கூடாது. குளிர் நாட்டுக்காரர்கள் போடும் தடித்த ரப்பர் உடை நமக்கு வேண்டாம். சர்வதேசப் போட்டிகளில், தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அதற்கு அனுமதி. நம் கடலில் போட்டால் உடம்பு சூடேறி மயக்கம்தான் வரும்.

புது உடையைப் போட்டியன்று முதன்முதலாகப் போடவே கூடாது. நாலைந்து முறை நீண்ட பயிற்சியில் போட்டுப் பார்த்தால்தான் எங்கே உரசுகிறது என்று தெரியும். அங்கெல்லாம் வாஸலின் தடவினோம். அந்தக் கையாலேயே நீச்சல் கண்ணாடியைத் தொட்டு விட்டால் போச்சு, ஒன்றும் தெரியாது; நான்தான் தடவி விடுவேன். உடை கறுப்பாக இருந்தாலும் தொப்பி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு. படகில் இருப்பவர்கள் கண்ணில் பட வேண்டுமே!

1959-ல் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண், நம் நாட்டு ஆரத்தி சாஹாவைப் பற்றி மகள் பாட்டிக்குச் சொன்னாள். "அந்தக் காலத்துலயேவா?" என்று மாமியார் இரண்டு முறை கேட்டார்.

2024-ல் மறுபடி நீந்தினாள். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. கடலிலிருந்து வந்த உடையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுவது இப்போது மாமியார் வேலை. நான் தெரியாமல் வெயிலில் போட்டு விட்டால், "துணி நைஞ்சு போயிடும்டீ" என்று எனக்குத்தான் திட்டு விழுகிறது!

— ஒரு வாசகி, பெரம்பூர்.