மோட்டாரை மேலே ஏற்றுமுன்

பம்பு செட் திடீரென்று ஓட மறுத்தால், மோட்டார் எரிந்துவிட்டது என்றே குடியானவர் பலரும் முடிவு செய்துவிடுகின்றனர். உடனே ஆட்களை அழைத்து, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே எடுக்கின்றனர். சில சமயங்களில் குறை மோட்டாரில் இராது. பியூஸ் கட்டையிலோ ஸ்டார்ட்டரிலோ இருக்கும். கூலியும் வீண், பயிருக்கும் தண்ணீர் இல்லை.

இதனைத் தரையில் நின்றே ஓரளவு சோதித்தறியும் கருவி ஒன்றை, மின்னணு வேலையைப் பொழுதுபோக்காகக் கொண்ட வாலிபர் எவரும் வீட்டிலேயே செய்துவிடலாம். ஒன்றரை வோல்ட் பேட்டரிகள் மூன்று, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, நுனி சீவிய இரண்டு கம்பிகள், இவ்வளவே வேண்டுவன. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, கம்பிகளின் நுனிகளை மட்டும் வெளியே விடவேண்டும். எல்.இ.டி.யின் நீண்ட கால் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் இருத்தல் அவசியம். மொத்தமுள்ள 4.5 வோல்ட்டில் எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட் கொள்ளும். மீதியை ரெசிஸ்டர் தாங்கி, மின்னோட்டத்தைச் சுமார் 11 மில்லி ஆம்பியர் அளவில் நிறுத்தும். ரெசிஸ்டரை விட்டுவிட்டால் எல்.இ.டி. கருகிப்போகும். இணைப்புகளை வெறுமனே முறுக்கிவிடாமல் ஈயப்பற்று வைக்கவேண்டும். சோதிக்குமுன் இரு நுனிகளையும் ஒன்றோடொன்று தொடுவித்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்க. நாம் முதன்முதல் செய்த கருவியில் எல்.இ.டி.யைத் திருப்பிப் பொருத்திவிட்டு, நல்ல பியூஸைக் கெட்டதென்று எறிந்தோம்!

மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றிய பின்னரே சோதனை தொடங்கவேண்டும். கட்டையின் இரு முனைகளையும் கருவியால் தொட்டால், நல்ல பியூஸில் விளக்கு எரியும். மூன்றில் ஒரு பியூஸ் போயிருந்தாலும் மோட்டார் உறுமுமேயன்றிச் சுழலாது. அப்படியே விட்டுவைத்தால் மற்ற கம்பிச் சுருள்களில் மின்சாரம் மிகுந்து அவை எரிந்துவிடும். பியூஸ்கள் நன்றாயிருப்பின், ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாரின் மூன்று கம்பிகளையும் கழற்றி, இரண்டிரண்டாகச் சோதிக்கவேண்டும். மூன்று முறையும் விளக்கு எரியவேண்டும். ஏதேனும் ஒரு முறை எரியாவிடில் கேபிளோ சுருளோ அறுந்துள்ளது. அப்போதுதான் குழாயைத் தூக்கவேண்டும்.

இக்கருவி எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று எண்ணலாகாது. ஈரத்தால் காப்பு தளர்ந்திருப்பதையும், சுருளின் சுற்றுகள் தம்முள் ஒட்டிக்கொண்டிருப்பதையும் இது காட்டாது. காப்பைச் சோதிக்க, மெக்கர் வைத்துள்ள மின்பணியாளரையே நாடவேண்டும்.

பேட்டரிக்குப் பதிலாக 230 வோல்ட் மின்சாரத்தில் குண்டு பல்பைத் தொடுத்துச் சோதிக்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. ஈரமான கிணற்றடியில் அது உயிரைக் குடிக்கும். டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போட நாமே ஏறுவதும் அத்தகையதே. அதற்கு மின்வாரியப் பணியாளரை அழைப்பதே முறை.

ஊராட்சி உறுப்பினர்கள் இளைஞர் மன்றத்துக்கு 25 வாட் பற்றுக்கோல் ஒன்றும் சிறிது ஈயக்கம்பியும் வாங்கிக் கொடுத்தால், இக்கருவிகளைச் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும்.