சாண் அளவு விமானத்தில் நம் சரித்திரம்

1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி, ஏர்ஸ்பீட் கான்சல் என்னும் சிறிய இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுக் கோலாலம்பூரில் வந்து இறங்கிற்று. மலாயன் ஏர்வேஸின் முதற் பிரயாணம் அதுவே. அன்று தொடங்கி அந்த நிறுவனத்தின் விமானங்களில் எழுதப்பட்ட பெயர் பலமுறை மாறியிருக்கிறது: 1963-இல் மலேசியன் ஏர்வேஸ், 1966-இல் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், இரு தேசங்களும் தத்தமக்கெனத் தனி நிறுவனம் பிரித்துக்கொண்டபின் 1972 அக்டோபரில் மாஸ், 1987-இல் மலேசியா ஏர்லைன்ஸ். பெயர் மாறிய போதெல்லாம் பழைய வர்ணக்கோலம் சுரண்டப்பட்டுப் புதியது பூசப்பட்டது; விமானங்களும் காலக்கிரமத்தில் அந்நிய தேசங்களுக்கு விற்கப்பட்டும், பிரித்து உடைக்கப்பட்டும் மறைந்தன. அவ்வாறு மறைந்தவற்றை உள்ளது உள்ளபடி மறுபடியும் கண்முன் நிறுத்தும் காரியத்தை, கிள்ளான் பள்ளத்தாக்கின் வீடுகளில், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் அமர்ந்து, பிளாஸ்டிக் விமான மாதிரி செய்பவர்கள் ஓசையின்றிச் செய்துவருகிறார்கள். அதைச் சரித்திரப் பணி என்றே நான் கருதுகிறேன்.

பெட்டியில் வருவதும் வராததும்

பிரயாணி விமான மாதிரிகளுக்கு உலகெங்கும் பெருவழக்காக உள்ள அளவு 144-இல் ஒரு பங்கு. அதாவது, அசல் விமானத்தின் 12 அடி, மாதிரியில் ஓர் அங்குலம் ஆகிறது. இந்த விகிதத்தில் போயிங் 737-200 ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக 21 செ.மீ. நீளமும், 747-400 ஏறத்தாழ அரை மீட்டர் நீளமும் அமையும். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ், ரஷ்யாவின் ஸ்வெஸ்டா முதலிய நிறுவனங்களின் பெட்டியைத் திறப்பவர் எந்த நாட்டவராயினும் அவருக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் ஒன்றே. அதனை இன்ன தேசத்து விமானம், இன்ன ஆண்டில் பறந்தது என்று அடையாளப்படுத்துவது, டீக்கல் என்று வழங்கும் நீரொட்டுப் படம். பெட்டியோடு வரும் டீக்கலோ, தயாரிப்பாளர் தம் சந்தையை உத்தேசித்துத் தேர்ந்துகொண்ட ஓரிரு நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது.

ஆகவே, நம் நாட்டு விமானத்தைச் செய்ய விரும்புகிறவர் கத்தியைக் கையில் எடுக்குமுன் சரித்திர மாணவராக வேண்டியிருக்கிறது. மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கவிட்டது 737-100. நிறுவனப் பிரிவினைக்குப் பின் மாஸ் பறக்கவிட்டது 737-200. பின்னது முன்னதைவிட 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீண்டது. மாதிரியில் அந்த வேற்றுமை 13 மில்லிமீட்டர். 200-இன் பெட்டியை வைத்துக்கொண்டு 100-ஐச் செய்யப் புகுபவர், இறக்கைக்கு முன்னும் பின்னும் உடற்பகுதியை அளந்து வெட்டிக் குறுக்கியாக வேண்டும். 1960-களில் இங்கே பறந்த காமெட் 4 விமானத்துக்கும் இதே சங்கடம் உண்டு: ஏர்ஃபிக்ஸின் பழைய பெட்டியில் இருப்பது காமெட் 4பி, அதன் உடல் நீண்டது, இறக்கை குறுகியது, இறக்கையின் முன்விளிம்பில் இருக்கவேண்டிய எரிபொருட் கூடுகளும் அதில் இல்லை. பார்ப்பவருள் நூற்றில் ஒருவரும் கவனியாத இவ்வித்தியாசத்துக்காக வாரக்கணக்கில் உழைக்கிற சிரத்தைதான் பொம்மையைச் சரித்திரச் சான்றாக உயர்த்துகிறது.

வெண்மையின் பக்குவம்

டீக்கல் நன்றாக அமைவதும் கெடுவதும், அதற்கு முன்பே, அடியிலுள்ள பூச்சிலேயே நிர்ணயமாகிவிடுகின்றன. உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டுமுன் மூக்கினுள் ஈயத்துண்டு வைத்தாலன்றி, விமானம் முன்சக்கரத்தில் நில்லாமல் வாலில் உட்கார்ந்துவிடும். ஒட்டிய தடத்தைப் புட்டியால் நிரப்பி, உப்புத்தாளை நீரில் நனைத்து, சொரசொரப்பானதில் தொடங்கி மிக நைசானதுவரை படிப்படியாகத் தேய்க்க வேண்டும். பிறகு பிரைமர், அதன்மேல் வெள்ளைப் பூச்சு.

நம் சீதோஷ்ணம் இவ்விடத்தில் பெரும் பரீட்சை வைக்கிறது. லாக்கர் வகைப் பூச்சில் உள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. பளபளக்க வேண்டிய பூச்சு மங்கி வெளிறிவிடுகிறது. அதனால், விடியற்கால ஈரம் தணிந்து, பிற்பகல் இடிமழைக்கு வானம் இருட்டுவதற்கு முன்னுள்ள சில மணி நேரமே கோலாலம்பூரில் வர்ணம் தெளிக்க உகந்த வேளை. பூச்சு முற்றிலும் காய்ந்தபின் அதன்மேல் பளபளப்பான வார்னிஷ் ஒரு கை அடிப்பது இன்றியமையாதது. ஏனெனில் சொரசொரப்பான பரப்பின் நுண்ணிய குழிகளில் காற்று சிக்கிக்கொண்டால், டீக்கலின் ஒளிபுகும் படலம் வெள்ளி பூத்தாற்போல் மின்னி, ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நீரிலிருந்து விமானத்துக்கு

டீக்கல் தாளின் அமைப்பு எளியது. தாளின்மேல் நீரில் கரையும் பசை; பசையின்மேல் மெல்லிய படலம்; படலத்தில் அச்சு. வேண்டிய படத்தை ஓரத்தோடு ஒட்டி வெட்டியெடுத்து, வெதுவெதுப்பான நீரில் அரை நிமிஷத்துக்கு மிகாமல் நனைத்து வெளியே வைத்தால், பசை இளகிப் படம் நகரத் தொடங்கும். நீரிலேயே மிதக்கவிட்டாற் பசை போய்விடும். விமானத்தின் மேனியை ஈரமாக்கி, தாளிலிருந்து படத்தை அதன்மேல் வழுக்கிவிட்டு, தூரிகை நுனியால் இடம் திருத்தி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீரை ஒற்றியெடுக்க வேண்டும். அதன்பின் தடவும் இளக்குத் திரவத்தால் படலம் முதலில், நெடுநேரம் நீரில் ஊறிய விரல் நுனியைப் போலச் சுருங்கும். அந்நேரத்தில் அதைத் தொடாதிருப்பதே கெட்டிக்காரத்தனம். காயக் காய அது தானே இழுபட்டு, மேனியின் நுண்ணிய கோடுகளுக்குள்ளும் படிந்துவிடும்.

எல்லாவற்றிலும் கடினமானது, ஜன்னல் வரிசையோடு உடலின் நீளத்துக்கும் ஓடும் பட்டை. இருபுறத்துப் பட்டைகளும் மூக்கின் வளைவில் ஒரே உயரத்தில் சந்திக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் முகம் கோணும். அனுபவசாலிகள் முன்கூட்டியே நாடா ஒட்டிக் கோடு பிடித்து, பட்டையை இரண்டு மூன்றாக வெட்டி, மூக்கிலிருந்து வாலை நோக்கி ஒட்டுவார்கள். வாலில் கிளந்தானின் வாவ் பட்டச் சின்னம் ஏறிய பின்னரே விமானம் நம்முடையதாகிறது.

யாரிடம் இருக்கிறது சான்று?

கடையில் கிடைக்காத டீக்கலைத் தாமே வரைந்து அச்சிடுவோர் உண்டு. சாதாரண அச்சுப்பொறிக்கு வெள்ளை நிறம் அச்சிட வராது. ஆதலால் சிவப்பு வாலின்மேல் வெள்ளை எழுத்து வேண்டுமானால் வெள்ளை டீக்கல் தாளில் சுற்றியுள்ள சிவப்பையும் சேர்த்தே அச்சிட்டு, பூச்சின் சிவப்போடு அதனை இணங்கவைக்க வேண்டும். அந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு என்பதுதான் கேள்வி. பழைய வர்ணப் புகைப்படங்கள் நிறம் திரிந்துவிட்டதால், ஒன்றை மட்டும் நம்பாமல் பலவற்றை ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும்.

விடை நம் வீடுகளில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து ராஜூலா கப்பலில் வந்து போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்களின் பிள்ளைகள், 1965-இல் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையத்தில் உறவினரை வழியனுப்பக் குடும்பத்தோடு சென்று நின்று, விமானத்தைப் பின்னணியாக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆல்பங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் வீடுகளிலும் அலமாரிக்குள் கிடக்கின்றன. 1998-இல் பெரிய விமானங்கள் சிப்பாங்குக்குப் பெயர்ந்தபின் அந்தக் காட்சிக்கு அவையே சாட்சி. விமானப் பட்டறைகளில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்களோ, எந்தப் புகைப்படமும் சொல்லாததைச் சொல்லக்கூடியவர்கள்.

ஒரு தமிழ்ப்பள்ளியின் கண்ணாடி அலமாரியில், 1947-இன் டிசி-3 முதல் 2012-இல் வந்த ஏ380 வரை ஒரே அளவில் வரிசையாக வைத்தால், முன்னது 14 செ.மீ.க்கும் குறைவு, பின்னது அரை மீட்டருக்கு மேல். இந்நாட்டின் வளர்ச்சியை ஒரு பார்வையில் பிள்ளைகள் உணர்வார்கள். செய்து தரக் கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு வேண்டியவை பழைய படங்களும், பார்த்தவர்களின் ஞாபகமும். பார்த்தவர்கள் முதுமை எய்திவருகிறார்கள். ஆல்பங்களைத் திறந்து கொடுப்பதற்கும், கேட்டுக் குறித்துக்கொள்வதற்கும் உரிய சமயம் இதுவே.