கட்டளைக்கு ஓர் இடம்: எழுத்துச் செயலியின் பட்டிகளும் கருவிப்பட்டைகளும்

கடிதம், அறிக்கை, தீர்மானம், நிகழ்ச்சிக் குறிப்பு ஆகிய யாவற்றையும் கணிப்பொறியிலேயே எழுதும் வழக்கம் நம் நாட்டு அலுவலகங்களில் வேரூன்றிவிட்டது. ஆயினும், இருபது பக்க அறிக்கையைப் பிழையின்றித் தட்டச்சு செய்து முடித்த எழுத்தர் ஒருவர், பக்கங்களுக்கு எண் இடும் வழி தெரியாமல், அச்சிட்ட தாள்களில் பேனாவினால் எண் எழுதிக்கொண்டிருக்கும் காட்சியை இன்றும் காணலாம். அவருக்குப் பயிற்சி போதவில்லை என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. பக்க எண் இடும் கட்டளை அச்செயலியினுள் இருக்கவே செய்கிறது. அவர் தேடுகின்ற இடத்தில் அது இல்லை என்பதே குறை.

எழுத்துச் செயலியில் கட்டளைகள் இருவகையாக வைக்கப்படுகின்றன. திரையின் மேல் விளிம்பில் சொற்களாக நிற்பவை பட்டிகள். 'மெனு' என்று பலரும் வழங்குவது இதனையே. ஒரு சொல்லைத் தொட்டால் அதன்கீழ் அடங்கிய கட்டளைகள் விரிகின்றன. அவற்றுக்குக் கீழே சிறு படங்களாக வரிசையில் நிற்பது கருவிப்பட்டை. பட்டி, செயலியால் இயலும் அனைத்தையும் காட்டும் அட்டவணை போன்றது. கருவிப்பட்டையோ தச்சர் தம் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும் உளி, சுத்தியல் போன்றது. அட்டவணையில் எதுவும் விடுபடலாகாது. கைக்கருகில் எல்லாம் குவியலாகாது. இவ்விரண்டின் வேறுபாட்டை மறப்பதிலிருந்தே குழப்பங்களிற் பெரும்பாலானவை பிறக்கின்றன.

1978-இல் வெளிவந்த 'வேர்ட்ஸ்டார்' செயலியை மூத்த வாசகர்கள் சிலர் நினைவு கூரக்கூடும். அதில் மவுஸ் இல்லை, படங்களும் இல்லை. திரையின் மேற்பகுதியில் கட்டளைகளின் பெயர்கள் எழுத்தில் காட்டப்பட்டன. கண்ட்ரோல் விசையுடன் 'கே' விசையை அழுத்திச் சற்றுத் தயங்கினால், அடுத்து அழுத்தக்கூடிய விசைகளின் பட்டி தோன்றும். தயங்காமல் அடுத்த விசையையும் அழுத்திவிட்டால் அப்பட்டி தோன்றாமலேயே வேலை முடிந்துவிடும். புதியவருக்கு வழிகாட்டவும் தேர்ந்தவருக்கு இடையூறு செய்யாமல் விலகிக்கொள்ளவும் அப்பட்டி அறிந்திருந்தது. பழகியவர்கள் உதவி நிலையைக் குறைத்து, எழுதுவதற்குத் திரையில் கூடுதல் இடமும் பெறலாம். பின்வந்த செயலிகள் பலவற்றில் இந்த நயம் காணப்படவில்லை என்பது என் கருத்து.

சொல் எங்கிருந்து வந்தது?

'வெட்டு', 'ஒட்டு' என்னும் கட்டளைகளை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். இவை கணிப்பொறி வல்லுநர் தம் அறையில் அமர்ந்து கற்பனையாக ஆக்கிய சொற்கள் அல்ல. 1970-களின் நடுவில், அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் ஆகிய இருவர் 'ஜிப்ஸி' என்னும் எழுத்துச் செயலியை உருவாக்கினர். ஜின் என்னும் பாடநூல் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர்களுக்காக அது செய்யப்பட்டது. ஆகவே அவர்கள் அப்பதிப்பாசிரியர்கள் வேலை செய்யும் முறையை முதலில் கவனித்தனர். தாளில் உள்ள பத்தியைக் கத்தரித்து வேறிடத்தில் பசையிட்டு ஒட்டுவது பதிப்பாசிரியர்களின் அன்றாட வழக்கம். அச்செயலின் பெயரே கட்டளையின் பெயராயிற்று. பின்னர் டெஸ்லர் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தார். 1983-இல் வெளிவந்த 'லிசா' கணிப்பொறியில் எக்ஸ், சி, வி என அடுத்தடுத்து அமைந்த மூன்று விசைகள் வெட்டவும், படியெடுக்கவும், ஒட்டவும் உரியவை ஆயின. அவற்றின் பக்கத்திலேயே உள்ள 'இசட்' செய்ததை மீட்டுக்கொள்ள உதவியது. இடக்கை விரல்கள் அதிகம் நகராமலே நான்கு பெருவேலைகள் முடிகின்றன.

1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட விதித்தொகுப்பு ஒன்று, எல்லாச் செயலிகளிலும் பட்டிகள் ஒரே பெயரிலும் ஒரே முறையிலும் அமையவேண்டும் என்று வகுத்தது. கோப்பு முதலில் நிற்பதும், அடுத்துத் திருத்தம் வருவதும், உதவி இறுதியில் நிற்பதும், எஃப்-1 விசை உதவியைத் தருவதும் அதனால் பரவிய ஒழுங்கே. ஒரு செயலியில் கற்றது அடுத்த செயலியிலும் பயன்படுமாயின், பயிற்சிக்காகும் செலவும் காலமும் குறையும். பயிற்சிக்கெனப் பெருந்தொகை ஒதுக்க இயலாத அலுவலகங்களுக்கு இஃது ஒரு பெரும் நன்மை.

பெருகிய கட்டளைகள்

இடர் பின்னரே தோன்றியது. ஒவ்வொரு பதிப்பிலும் புதிய வசதிகள் சேர்ந்தன; ஒவ்வொரு வசதிக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் வேர்ட் செயலியின் 1997-ஆம் ஆண்டுப் பதிப்பில் 18 கருவிப்பட்டைகள் இருந்தன; 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை 31 ஆயின. இதற்கிடையே, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு மாற்று வழி முயன்று பார்க்கப்பட்டது. அரிதாகப் பயன்படும் கட்டளைகளைப் பட்டி தானே மறைத்துக்கொண்டு, அடிக்கடி பயன்படுபவற்றை மட்டும் காட்டிற்று. நோக்கம் நன்று, விளைவு நன்றாக அமையவில்லை. நேற்று மூன்றாவது வரியில் இருந்த கட்டளை இன்று ஐந்தாவது வரிக்குச் சென்றுவிட்டால், கண் பழகிய இடமும் கை பழகிய தூரமும் வீணாகின்றன. வீட்டுச் சமையலறையில் உப்பு ஜாடியை நாள்தோறும் ஒருவர் இடம் மாற்றி வைத்தால் சமைப்பவர் என்ன பாடுபடுவாரோ அதுவே இது.

வேர்ட் 2003-ஐப் பயன்படுத்தியோரிடமிருந்து அந்நிறுவனம் திரட்டிய விவரங்கள் ஒரு பேருண்மையைக் காட்டின. ஒட்டு, சேமி, படியெடு, மீட்டுக்கொள், தடித்த எழுத்து ஆகிய ஐந்து கட்டளைகளே மொத்தப் பயன்பாட்டில் ஏறத்தாழ 32 விழுக்காடாக இருந்தன. ஒட்டும் கட்டளை மட்டும் 11 விழுக்காட்டிற்கு மேல். கருவிப்பட்டையில் எவை நிற்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 2007-இல் அந்நிறுவனம் பழைய பட்டிகளையே நீக்கி, 'ரிப்பன்' என்னும் அகன்ற பட்டையை அமைத்தது. புதியவர்களுக்கு அது ஏற்றதாயிருந்திருக்கலாம். பல்லாண்டுகளாகப் பழைய ஒழுங்கில் ஊறியவர்களோ ஒரே நாளில் மீண்டும் மாணவர்களாயினர்.

கட்டற்ற மென்பொருளான லிப்ரெஆஃபீஸ் வேறு வழியில் சென்றது. 2010-இல் தோன்றிய இத்தொகுப்பு விலையின்றிக் கிடைப்பது. திறந்த மூல மென்பொருளை ஏற்கும் கொள்கையை இந்திய அரசு 2015-இல் அறிவித்தபின், அலுவலகங்கள் கருத்தில் கொள்ளத்தக்கது. அதில் ரிப்பனை ஒத்த அமைப்பு பின்னர்ச் சேர்க்கப்பட்ட போதிலும், பழைய பட்டிகள் நீக்கப்படவில்லை. எது வேண்டுமோ அதனைப் பயன்படுத்துவோரே தெரிந்தெடுக்கலாம்.

தொடக்கத்தில் கூறிய பக்க எண்ணுக்கு வருவோம். இத்தொகுப்பின் எழுத்துச் செயலியான 'ரைட்டர்' நெடுங்காலம் கோரிய முறை இது: முதலில் பக்கத்தின் அடிப்பகுதியை உருவாக்க வேண்டும்; அதனுள் நிலைகாட்டியை வைக்க வேண்டும்; பின்னர்ச் 'செருகு' பட்டியில் 'புலம்' என்னும் உட்பட்டியைத் திறந்து, அங்கே பக்க எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிரலாளரின் நோக்கில் இது முற்றிலும் முறையானது. பக்க எண் என்பது தானே மாறும் ஒரு மதிப்பு, ஆகவே அது ஒரு புலம். எழுத்தருக்கோ 'புலம்' என்பது வயலாகத் தோன்றும். பக்க எண் அங்கே விளையும் என்று அவர் எங்ஙனம் அறிவார்? 2023-இல் வெளிவந்த 7.6-ஆம் பதிப்பில்தான் பக்க எண்ணை எளிதாக இடும் கட்டளை 'செருகு' பட்டியில் வைக்கப்பட்டது. புதிய ஆற்றல் எதுவும் அதனால் செயலிக்கு வந்துவிடவில்லை. கட்டளை, மனிதர் தேடும் இடத்திற்கு வந்து சேர்ந்தது. அவ்வளவே.

தமிழில் பட்டிகள்

2005 ஏப்ரலில் மத்திய அரசின் சார்பில் தமிழ் மென்பொருள் குறுந்தகடு சென்னையில் வெளியிடப்பட்டபோது, தமிழிலேயே பட்டிகளைக் கொண்ட எழுத்துச் செயலி பொதுமக்களுக்கு இலவசமாகக் கிட்டியது. பட்டியைத் தமிழாக்குவது அகராதி பார்த்து முடிக்கும் வேலையன்று. 'கோப்பு' என்னும் சொல் அரசு அலுவலகங்களில் முன்னமே வழங்கியதால் தடையின்றி ஏற்கப்பட்டது. திருத்தங்களுக்குரிய பட்டியோ சில தமிழாக்கங்களில் 'தொகு' என்றும், சிலவற்றில் 'திருத்து' என்றும் நிற்கிறது. 'தொகு' என்றால் பலவற்றை ஒன்றுசேர்த்தல் என்றே பலரும் கொள்வர். 'திருத்து' என்பதே எளியது என்பது என் துணிபு. எனினும் எதுவாயினும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். திரையில் அடிக்கடி தோன்றும் சொற்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு மொழியினரும் கூடி முடிவு செய்யும் 'ஃப்யூல்' என்னும் முயற்சி 2008-இல் நம் நாட்டில் தொடங்கியது இக்காரணத்தினாலேயே.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலப் பட்டியில் ஒரு சொல்லின் ஓர் எழுத்து அடிக்கோடிடப்பட்டிருக்கும். ஆல்ட் விசையுடன் அவ்வெழுத்தை அழுத்தினால் பட்டி திறக்கும். தமிழில் 'கோ' என்னும் எழுத்தைப் பெற இரு விசைகள் அழுத்த வேண்டும். ஆகவே தமிழாக்கங்கள் சிலவற்றில் தமிழ்ச் சொல்லின் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் துணைக்கு நிற்கிறது. கருவிப்பட்டையின் படங்களும் இவ்வாறே. தடித்த எழுத்தைக் குறிக்கும் 'பி' ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. ஜெர்மானியர் தம் செயலியில் அவ்விடத்தில் தம் மொழியின் 'எஃப்' எழுத்தை வைத்துக்கொண்டனர். சேமிப்பதைக் காட்டும் நெகிழ்வட்டின் படமோ, அவ்வட்டினைக் கண்ணால் கண்டறியாத இளைஞர்க்கும் பழகிப்போய்விட்டது. அதை இனி மாற்றுவதில் நன்மையில்லை.

அலுவலகத் தலைவர்கள் இதில் செய்யக்கூடியதும் உண்டு. ரைட்டரில் 'கருவிகள்' பட்டியின்கீழ்த் 'தனிப்பயனாக்கு' என்னும் கட்டளை இருக்கிறது. அங்கே தேவையற்ற படங்களைக் கருவிப்பட்டையிலிருந்து மறைக்கலாம், தேவையானவற்றைச் சேர்க்கலாம். எதைச் சேர்ப்பது என்பதை அதிகாரியோ கணிப்பொறி வல்லுநரோ முடிவு செய்வதைவிட, தட்டச்சு செய்பவரின் அருகில் ஒரு நாள் அமர்ந்து, அவர் எதற்காக எழுந்து அடுத்தவரிடம் சென்று கேட்கிறார் என்று குறித்துக்கொள்வது மேல். நிலவரித் தீர்மானம் எழுதும் இடத்தில் அட்டவணைக்குரிய படம் முன்வரிசையில் நிற்கலாம். ஓவியம் வரையும் கருவிகள் அங்கு எதற்கு?

ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் மட்டும் ஓர் எச்சரிக்கை. ஒருவர் தம் வசதிக்காக மாற்றியது அடுத்தவருக்கு இடையூறாகலாம். இம்மாற்றங்களைச் செயலி முழுமைக்குமன்றி, குறிப்பிட்ட ஆவணத்துக்கு மட்டும் பொருந்துமாறு சேமிக்கும் வாய்ப்பு அதே சாளரத்தின் மேற்பகுதியில் தரப்பட்டுள்ளது. அலுவலகத்தின் கடித மாதிரியில் அவ்வாறு சேமித்துவிட்டால், அந்த மாதிரியைத் திறப்பவருக்கு மட்டும் அந்த ஒழுங்கு தோன்றும். மற்றவர் பழகிய பட்டிகள் தத்தம் இடத்திலேயே இருக்கும்.