உறக்கத்தின் வாயிலில்

கண் அயரும் வேளையில், படி தவறி விழுவதுபோல் உடல் திடுக்கிட்டுத் துள்ளுவதை நம்மில் பெரும்பாலோர் அறிவோம். மூளை ஒரே நொடியில் உறங்கிவிடுவதில்லை. விழிப்பு தளரும் அவ்விடைவெளியில் தசைகள் வெட்டி இழுக்கின்றன, இதனால் தீங்கில்லை.

அச்சமூட்டுவது மற்றொன்று. அறை தெரியும், விரலை அசைக்க இயலாது, மார்பின்மேல் யாரோ அமர்ந்திருப்பதுபோல் தோன்றும். தமிழில் இதனை அமுக்குவான் பேய் என்பர். மலாய்மொழியில் வழங்கும் பெயரும் மேலே கிடந்து அழுத்துதல் என்றே பொருள்படும். உடல் உணர்ந்ததையே இரு மொழிகளும் பெயராக்கின. பேயைச் சேர்த்தது அச்சம் எனக் கருதுகிறோம்.

கனவில் நாம் ஓடும்போது கால்களும் ஓடிவிடாதபடி, மூளைத்தண்டு தசைகளைக் கட்டிவைக்கிறது. அறிவு உறங்குமுன்னரே அக்கட்டு விழுந்தாலும், விழித்தபின் அவிழாதிருந்தாலும் இந்நிலை தோன்றும். உதரவிதானம் இயங்கிக்கொண்டே இருப்பதால் மூச்சு நிற்பதில்லை. பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் தானே நீங்கும்.

உறக்கம் குறைந்தோர்க்கும் மல்லாந்து படுப்போர்க்கும் இது மிகுதி. ஆதலால், தேர்வுக் காலத்தில் ஒரு மாணவர் "பேய் அமுக்கியது" என்று வந்து சொன்னால், நகைத்து அனுப்பாது, எத்தனை மணிக்கு உறங்கச் சென்றார் என ஆசிரியர் வினவுதல் நன்று. பகலிலும் அடக்கவியலா உறக்கம் வருமாயின் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.